யார்க்டவுனும் நாகப்பட்டினமும்

நம்பிக்கை: அமெரிக்க விடுதலைப் போருக்கும் காவிரி டெல்டாவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பள்ளிப் பாடத்தில் இரண்டும் வெவ்வேறு அத்தியாயங்கள். அதனால் வந்த வினை இது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அந்த அக்டோபரிலேயே ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைப் பிடித்தார்கள், மறு ஆண்டு அவர்களுடைய மாஹேயை. மாஹே வழியாகத்தான் மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. அந்த வழி அடைபட்ட பின், 1780இல் அவர் தமிழ்நாட்டுப் பகுதியான கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். டச்சுக்காரரும் எதிரணி ஆனதும் அவர்களுடைய நாகப்பட்டினத்தின் மேல் ஆங்கிலப் படை பாய்ந்தது. அமெரிக்காவின் யார்க்டவுனில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தது 1781 அக்டோபர் 19. நாகப்பட்டினம் வீழ்ந்தது நவம்பரில். இரண்டும் ஒரே போர். அமெரிக்காவில் பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரலில் அது ஓர் ஆங்கிலக் கப்பலைச் சிறைபிடித்தது.

நம்பிக்கை: பிரெஞ்சுக்காரர் நம்மை விடுவிக்க வந்தார்கள், கடைசிவரை நின்றிருந்தால் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழிந்திருக்கும்.

அவர்கள் உதவியது உண்மை. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே ஆங்கிலக் கர்னல் பிரைத்வெய்ட்டின் படையை ஹைதரின் மகன் திப்பு வளைத்து நொறுக்கியபோது, லாலி என்ற பிரெஞ்சுத் தளபதியின் வீரர்களும் உடன் இருந்தார்கள். ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதினார். ஆனால் அந்தக் கப்பல்கள் வந்தது பிரான்ஸ் இழந்த துறைமுகங்களை மீட்க. ஹைதர் 1782 டிசம்பரில் இறந்துபோனார். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை பரங்கிப்பேட்டைப் பக்கம் இறங்கியதோ 1783 மார்ச்சில்.

அதற்குள் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானப் பேச்சு முடிந்திருந்தது. சேதி கப்பலில் வந்து சேர்வதற்குள் ஜூன் மாதம் கடலூரில் தரையிலும் கடலிலும் ஏராளமானவர்கள் மாண்டார்கள். முடிந்துபோன போருக்காகச் செத்த அந்தச் சிப்பாய்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. சேதி வந்ததும், மங்களூர்க் கோட்டையைத் திப்புவோடு சேர்ந்து முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். திப்பு தனியாக நின்று 1784 மார்ச்சில் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார். இதைப் பிரெஞ்சுத் துரோகம் என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். அமெரிக்கர்களும் 1782 நவம்பரில் பிரான்ஸை ஒதுக்கிவைத்துவிட்டே ஆங்கிலேயரோடு முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அவரவர் போர் அவரவருக்கு.

நம்பிக்கை: ஹைதர் நடத்தியது டெல்டா மக்களின் விடுதலைப் போர்.

கம்பெனியை அவரளவுக்கு அலறவைத்தவர்கள் குறைவு. அந்தப் பெருமையில் ஒரு குன்றிமணியும் குறைக்க வேண்டாம். ஆனால் தஞ்சையில் அந்த நாட்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஹைதர் கலாபம்', அதாவது ஹைதர் குழப்பம். தஞ்சை மன்னர் துளஜாஜி கம்பெனியின் பிடியில் இருந்தார். 1773இல் அவர் கோட்டையைப் பறித்து 1776இல் திருப்பித் தந்ததும் அதே கம்பெனிதான். ஆங்கிலப் படைக்குச் சோறு போட்டது தஞ்சை நெல். அதனால்தான் 1781இல் மைசூர்க் குதிரைப்படை வயல்களைத் தேடி வந்தது. பாசனம் சிதைந்தது, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மனிதர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஒரு தரப்பு நெல்லை எடுத்துக்கொண்டது, மறு தரப்பு நெல் விளையும் வழியையே அழித்தது.

தஞ்சைக் கோட்டை மட்டும் விழவில்லை. உள்ளே பசி. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததில்லை. அரசர் சொல்லையும் கம்பெனி சொல்லையும் குடியானவர்கள் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், கூலியை என் கையாலேயே தருகிறேன் என்று ஊர்ஊராகக் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார்.