பாடம் 7: இயல்பை மறைத்து ஒழுகுதல்

ஆட்டிசம் உடைய மாணவர் சிலர், கேலிக்கு அஞ்சித் தம் இயல்பை மறைப்பர். கைகளை அசைக்கும் உந்துதலை அடக்குவர். வருந்தியேனும் பிறர் கண்களை நோக்குவர். பிறர் சிரித்தால், காரணம் அறியாமலே தாமும் சிரிப்பர். பள்ளியில் அமைதியாக இருந்தவர், வீடு திரும்பியதும் அழுவதும் ஒடுங்குவதும் உண்டு. அது பிடிவாதம் அன்று. நாள் முழுதும் அடக்கியதன் களைப்பு. அவ்வேளையில் பெற்றோர் வினவாமல் ஓய்வளித்தல் நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய மாணவர்க்குப் பள்ளிகள் தக்க வசதி செய்தல் வேண்டும் என்கிறது. தோழர் கடமையோ எளிது: நகையாடாதிருத்தல், 'என் முகம் பார்த்துப் பேசு' என வற்புறுத்தாதிருத்தல்.

பொருள் அறிக
ஒழுகுதல் – நடந்துகொள்ளுதல்
உந்துதல் – உள்ளெழும் தூண்டல்

விடை எழுதுக
1. வீடு திரும்பியதும் அழுவது ஏன்?
2. இயல்பை மறைக்கத் தேவையில்லாத வகுப்பறை அமைய நீங்கள் செய்யக்கூடியன இரண்டு எழுதுக.