படத்தில் இல்லாத அம்மா

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மனித இனப்பெருக்கப் பாடம் தொடங்கும் முன் ‘தி மிராக்கிள் ஆஃப் லைஃப்’ படத்தை ஹைடெக் லேபில் போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் காட்டு. ஹெச்.எம். முகம் சுளித்தால் பாடப்புத்தகத்தைத் திறந்து நீட்டு. படத்தில் வருவதெல்லாம் அதிலும் இருக்கிறது; அசையாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் திரையிடும் முன், அந்தக் காட்சிகள் எப்படிக் கிடைத்தன என்று ஒரு பீரியட் பேசிவிடு.

எடுத்தவர் லென்னார்ட் நில்சன். ஸ்வீடன்காரர், 1922இல் பிறந்தவர். டாக்டர் இல்லை, பத்திரிகைப் புகைப்படக்காரர். லாப்லாந்தின் பனியில் பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவச்சியையும், துருவத்துப் பனிக்கரடி வேட்டையையும் எடுத்துப் பெயர் வாங்கியவர். 1950களில் ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்றின் கண்ணாடிக் குடுவைகளில் பாதுகாத்து வைத்திருந்த கருக்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய கேமரா அந்தப் பக்கம் திரும்பியதுதான், கடைசிவரை பெரும்பாலும் அங்கேயே நின்றது.

1965 ஏப்ரல் 30. அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் அட்டையில் 18 வாரச் சிசு ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பனிக்குடத்துக்குள் மிதந்தபடி வெளிவந்தது. 80 லட்சம் பிரதிகள் நான்கே நாளில் தீர்ந்ததாகச் சொல்வார்கள். அதற்கு ஆறு வாரம் முன்புதான் சோவியத் வீரர் அலெக்ஸி லியோனவ் விண்கலத்தை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் மிதந்திருந்தார். கடையில் அந்த அட்டையைப் பார்த்தவர்களுக்குச் சிசுவும் ஒரு குட்டி விண்வெளி வீரனாகத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை. தொப்புள்கொடிதான் கயிறு.

உள்ளே புரட்டினால் கதை வேறு. அட்டையில் இருந்த சிசு அறுவை சிகிச்சையில் தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது, அது பிழைக்கவில்லை என்று இதழே அச்சிட்டிருந்தது. அந்தத் தொகுப்பில், உயிரோடு தாயின் வயிற்றுக்குள்ளேயே இருந்த கருவின் படம் ஒன்றே ஒன்றுதான். அறுவை சிகிச்சைக் குழாயின் நுனியில் அகலக்கோண லென்ஸையும் துளி வெளிச்சத்தையும் பொருத்தி, ஓர் அங்குல தூரத்திலிருந்து எடுத்த 15 வாரக் கரு அது. ஸ்வீடனில் 1938 முதலே, குறிப்பிட்ட காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் இருந்தது. அப்படி வெளியே வந்தவையும் தானாகக் கலைந்தவையும்தான் பெரும்பாலும் நில்சனின் விளக்குக்கு முன் வந்து சேர்ந்தன. இதை யாரும் மறைக்கவில்லை. படத்தின் அழகில் மயங்கியவர்கள் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. பின்னாளில் கருக்கலைப்பை எதிர்த்தவர்கள் அதே படங்களைப் பதாகையில் ஒட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல். பதினேழு வயதுக்கு இது புரியாத விஷயமில்லை.

நீ காட்டப்போகும் படம் இதற்கு 17 வருடம் கழித்து வந்தது. 1982இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக எடுத்தது, மறு வருடம் பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘நோவா’ தொடரில் ஒளிபரப்பானது. ஒரு மணி நேரம். நுண்ணோக்கியின் கீழ் நெளிந்து நீந்தும் விந்தணுக்கள் உயிருள்ளவைதான். நில்சனின் புகழ்பெற்ற எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் புகைப்படங்கள் அப்படியல்ல. அவற்றுக்காகப் பொருளை உலர்த்தி, மெல்லிய உலோகப் பூச்சுக் கொடுத்து, காற்றில்லாத அறைக்குள் வைக்க வேண்டும். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம், வண்ணமெல்லாம் பிறகு சேர்த்தது. அதனால் அவ்வப்போது படத்தை நிறுத்தி, ‘இது உயிரோடு இருந்தபோது எடுத்ததா?’ என்று கேள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

கருத்தரிக்கும் காட்சியில் பையன்கள் விசில் அடிப்பார்கள். அடிக்கட்டும். இருபது முப்பது கோடி விந்தணுக்கள் புறப்பட்டுச் சில நூறு மட்டும் போய்ச் சேருவது ஓட்டப்பந்தயம் போலத்தான் தோன்றும். விசில் அடங்கியதும் மெல்ல ஆரம்பி. விந்தணு தன் பலத்தால் மட்டும் அங்கே போய்விடுவதில்லை, கருப்பையின் தசை சுருங்கி அதை மேலே ஏற்றிவிடுகிறது. முதலில் வந்தவனுக்கு முதல் பரிசும் இல்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் கிடந்து பக்குவப்பட்டால்தான் விந்தணுவுக்கு முட்டைக்குள் நுழையும் தகுதியே வரும். 1951இல் எம்.சி. சாங் முயலிலும் காலின் ஆஸ்டின் எலியிலும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்க மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் உனக்குத் துணைக்கு வரும். பாடப்புத்தகங்கள் விந்தணுவை வீரனாகவும் முட்டையைக் காத்துக் கிடக்கும் இளவரசியாகவும் எழுதிவிட்டன என்று வரிவரியாக எடுத்துக் காட்டியவர். விந்தணுத் தலையின் பக்கவாட்டு உதறல் அதன் முன்னோக்கிய உந்தலைவிடப் பல மடங்கு வலுவானது. அது இடித்துத் துளைக்கப் பிறந்ததல்ல, நழுவி ஓடப் பார்ப்பது, பிடித்து நிறுத்துவது முட்டையின் மேலுறைதான் என்கிறது அவர் சுட்டிக்காட்டும் ஆய்வு. இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சுப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த முட்டையின் வயதையும் கேட்டுப் பார். மாணவி தன் வயதைச் சொல்லலாம், அம்மாவுக்குப் பிரசவமான வயதைச் சொல்லலாம். சரியான விடையைச் சொல்லப் பாட்டி வரைக்கும் போக வேண்டும். பாட்டியின் வயிற்றில் அம்மா ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே அந்தக் கருவின் சூலகங்களில் அறுபது எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருந்தன. பிறக்கும்போது பத்து இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் சூலகத்தை விட்டு வெளியே வருவது சுமார் 400. இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஆரம்பம் பாட்டியின் வயிற்றில் நடந்தது.

படம் காட்டாதது இதுதான். நில்சனின் கரு மிதக்கிறது, ஆனால் எதற்குள் மிதக்கிறது என்பது சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத் தகட்டில் நில்சனின் கருத்தரிப்புப் படங்களுக்கும் இடம் கிடைத்தது. அதே தகட்டில், ஆடையில்லாத ஓர் ஆணும் கர்ப்பிணியும் நிற்கும் புகைப்படத்தைச் சேர்க்க நாசா சம்மதிக்கவில்லை. கடைசியில் வெறும் நிழலுருவம்தான் போனது. சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போகும் தகட்டில் பிள்ளை தெளிவாக இருக்கிறது, அதைச் சுமக்கும் அம்மா நிழலுருவமாக இருக்கிறாள்.

புத்தகத்தில் நீ நடத்தும் முதல் இரண்டு வாரக் கருவளர்ச்சிக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் புரூக்லைன் நகரத்து மகளிர் மருத்துவமனையில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற இரு டாக்டர்கள் 1938 முதல் பதினைந்து வருடம் செய்த வேலை அது. எப்படியும் கருப்பையை எடுத்துவிட வேண்டிய நிலையில் இருந்த 200க்கும் மேற்பட்ட பெண்கள் மாதவிலக்கு நாளையும் தாம்பத்திய நாளையும் குறித்துக் கொடுத்தார்கள். அகற்றிய உறுப்புகளை அணு அணுவாகத் தேடியதில் கிடைத்தவை 34 இளங்கருக்கள். இரண்டு டாக்டர்களின் பெயரும் வரலாற்றில் உண்டு. தேதி குறித்த பெண்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை.

இனி வகுப்பறைச் சங்கதிகள். கர்ப்பத்தை டாக்டர் கணக்கிடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. படத்தில் வரும் கருவின் வயதோ கருத்தரித்த நாளிலிருந்து. இரண்டு வார வித்தியாசம் வரும், பிள்ளைகள் குழம்புவார்கள், முதலிலேயே சொல்லிவிடு. ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம் என்பதை இரண்டு தடவை சொல். பெண்ணாகப் பெற்றாள் என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகளிலிருந்தும் உன் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். சிசுவின் பாலினத்தைத் தெரிவிக்க மாட்டோம் என்று ஒவ்வொரு ஸ்கேன் சென்டர் சுவரிலும் ஏன் எழுதியிருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். அப்படித் தெரிவிப்பதைத் தடைசெய்த 1994ஆம் வருடச் சட்டத்தை அதற்குப் பிறகு நீ சொல்லலாம்.

கடைசியில் பிரசவக் காட்சி வரும். சங்கடப்பட்டு நிறுத்திவிடாதே. அதுவரை உறுப்புகளாகவும் திரவமாகவும் வந்த தாய் ஒரு மனுஷியாக, வலியோடு வருவது அங்கேதான். யாருக்காவது பார்க்க முடியவில்லை என்றால் வெளியே போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. யார் எழுந்து போனாலும் மறுநாள் அதைப் பற்றிப் பேச்சு எடுக்காதே.

இன்னொன்று. வாரம் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கும் மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவதாகப் புலம்பியிருந்தாய். அதில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிக்கொண்டாக வேண்டும். நாள் தள்ளிப்போனது உறுதியாகும்போது பல பெண்களுக்கு அந்தக் கெடு முடிகிற நேரம். அதனால்தான் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, கரு தங்குவதற்கு முன்னாலேயே, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் குழாய் மூடும் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி இதைச் சொல்லிவிட்டு, அந்த வாரத்து மாத்திரையை அங்கேயே கொடு. பையன்களுக்கும் சேர்த்துக் கொடு, அவர்களுக்கும் இரத்தசோகை வரும்.

அன்புடன்,
பெரியம்மா