வைஃபைக்குப் பேர் மாற்றப் போகிறாயா? கொஞ்சம் இரு!

புது ரூட்டர் பெட்டி வந்திருக்கிறது, வைஃபை பேரை மாற்றணும், எப்படிக்கா என்று கேட்டிருந்தாய். எப்படி என்பது சின்ன வேலை, சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மாற்றத்தான் வேண்டுமா?

பழைய கனெக்‌ஷனை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போயிருக்கிறாய், பெட்டி மட்டும்தான் புதுசு என்றால், புதுப் பெட்டிக்குப் பழைய பேரையே வைத்துவிடு. எழுத்துக்கு எழுத்து அதே பேர், அதே பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறையும் முன்பு இருந்த அதே டபிள்யூபிஏ2. போன், டிவி, வாசல் கேமரா எல்லாம் பெட்டி மாறியது தெரியாமலே தானாக ஒட்டிக்கொள்ளும். எந்தக் கம்பெனி, எந்தப் பெட்டி என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. பேரும் பாஸ்வேர்டும் பாதுகாப்பு முறையும் சரியாக இருந்தால் போதும். ஊரில் பாதிப் பேர் இது தெரியாமல், பெட்டி மாறிய அன்று வீடு முழுக்க ஒவ்வொன்றாகப் பாஸ்வேர்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, அதைக் கவனி. பேருக்குக் கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்திருந்தால்கூட அது வேறு பேர்தான். அதனால் இப்போது என்ன பேர், என்ன பாஸ்வேர்ட் என்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி, பால் கணக்கு நோட்டிலோ பீரோ கதவின் உள்பக்கமோ வைத்துவிடு. நம் ஊர்ப் பேர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறோம். அரசாங்கமே 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்குப் பக்கமாக மாற்றி ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. உன் வீட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

சரி, கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பேர்தான் இன்னும் இருக்கிறது, அது பிடிக்கவில்லை என்கிறாயா? அப்படியானால் தாராளமாக மாற்று. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பெட்டியோடு வரும் பேரில் கம்பெனி பேரும் சில எண்களும் இருக்கும். எந்தக் கம்பெனி, சில சமயம் எந்த மாடல் பெட்டி என்பதைத் தெருவுக்கே சொல்லும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. டபிள்யூபிஏ2 முறையில் உன் பாஸ்வேர்ட் தனியாக வேலை செய்வதில்லை. அதனுடன் வைஃபை பேரையும் சேர்த்து 4,096 தடவை கணக்குப் போட்டுத்தான் உண்மையான சாவி உருவாகிறது. உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் பேர்களுக்கு, வழக்கமான பாஸ்வேர்டுகளை வைத்து இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பட்டியலாக வைத்திருக்கிறார்கள். யாரும் வைக்காத பேராக இருந்தால் அந்தப் பட்டியல் உன்னிடம் பலிக்காது. ஆனால் பேர் எவ்வளவு புதுசாக இருந்தாலும், பாஸ்வேர்ட் மாப்பிள்ளையின் செல் நம்பராக இருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லைன் போட வருகிற தம்பி அப்படி வைத்துவிட்டுப் போவது உண்டு. 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து வைத்தால் அத்தைக்கும் ஞாபகம் இருக்கும்.

பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றுவதாக இருந்தால் ஒரே நேரத்தில் மாற்று. இன்று பேர், அடுத்த வாரம் பாஸ்வேர்ட் என்றால் வீட்டுச் சாமான் அத்தனையையும் இரண்டு முறை இணைக்க வேண்டிவரும்.

இனி என்ன பேர் வைப்பது? இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வைஃபை பேர் என்பது வாசலில் மாட்டின பலகை மாதிரி; பாஸ்வேர்ட் தெரியாதவர்களும் அதைப் படிப்பார்கள். வீட்டுக்காரர் பேர், இன்ஷியல், கதவு எண், செல் நம்பர், மாடி போர்ஷன், கீழ் போர்ஷன், எதுவும் வேண்டாம். சாதிப் பேர், கட்சிப் பேர் கண்டிப்பாக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைக் குத்திக்காட்டுகிற பேர் வைத்து, தெருவில் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளும் உண்டு. குண்டு, வெடி என்று விளையாட்டும் வேண்டாம். 2016-ல் மெல்போர்னிலிருந்து பெர்த் கிளம்ப இருந்த குவாண்டாஸ் விமானத்தில், வெடிக்கவைக்கும் கருவி என்ற அர்த்தத்தில் யாரோ வைத்திருந்த ஒரு வைஃபை பேர் ஒரு பயணியின் கண்ணில் பட்டு, விமானம் கிளம்பத் தாமதமாகி, சில பேர் பயந்து இறங்கியே போய்விட்டார்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே விதிதான். உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ராத்திரி படுத்துக்கொண்டு வைஃபை பட்டியலைத் திறந்து பார். பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேரோடு வரும். பெண் பிள்ளைகள் தனியாகப் போகும்போது தங்கள் பேரிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு போக வேண்டிய அவசியம் என்ன?

நம் பக்கத்தில் பேருக்கா பஞ்சம்! நெல் பேர்களே போதும்: பொன்னி, கிச்சிலி சம்பா, ஆடுதுறை 43. ஆறுகள் இன்னும் நல்லது. இப்போது வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு வைஃபை இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. விருந்தாளிகளுக்கு என்று மூன்றாவதும் போட்டுக்கொள்ளலாம். கல்லணையில் பிரிகிற ஆறுகளின் பேர்களையே வைத்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று மூன்றுக்கும் ஆச்சு. கொள்ளிடம் மிச்சம் இருக்கிறது, மாடியில் இன்னொரு பெட்டி போட்டால் அதற்கு.

தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று கேட்பாய். வைக்கலாம், ஆனால் இடம் குறைவு. வைஃபை பேருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்துக்கு மூன்று, அதோடு புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனி எழுத்தாகக் கணக்காகும், அவற்றுக்கும் மும்மூன்று. ஆகப் பத்துக் குறி வரைதான் கொள்ளும். தஞ்சாவூர் என்றால் 27 பைட், இடம் இருக்கிறது. கும்பகோணம் சரியாக 30, தப்பித்தது. திருவையாறும் திருவாரூரும் 30தான். மன்னார்குடி 33! ஒரே ஒரு பைட்டில் வெளியே நிற்கிறது. பட்டுக்கோட்டைக்கு 39. ஆறுகளில் காவிரி 18, வெண்ணாறு 24, அரசலாறு 21 என்று சுலபமாக நுழைகின்றன, குடமுருட்டி நுழையாது. ஆனால் சில பெட்டிகள் ஆங்கில எழுத்து தவிர வேறு எதையும் வாங்காது. சில பழைய டிவி, பிரிண்டரில் தமிழ்ப் பேர் கட்டம் கட்டமாகத் தெரியும். உன் வீட்டு டிவியில் முதலில் பார்த்துக்கொள். சரிப்படவில்லை என்றால் ஆங்கில எழுத்திலேயே வை, காவிரி கோவித்துக்கொள்ளாது.

வினோதக் குறிகளைத் தவிர்த்துவிடு, முக்கியமாகச் சதவீதக் குறி. 2021-ல் சதவீதக் குறிகள் சேர்ந்த ஒரு வைஃபை பேரில் இணைந்த ஐபோன்களில் வைஃபையே வேலை செய்யாமல் போனது; ஆப்பிள் அப்புறம் சாப்ட்வேரை மாற்றிச் சரிசெய்தது. எழுத்து, எண், மிஞ்சிப்போனால் ஒரு சின்னக் கோடு. போதும்.

பேரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. மறைத்த பேரைத் தேடி உன் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாதுகாப்பு ஒன்றும் கூடாது, புதுசாக ஒரு போனை இணைக்கத்தான் தொல்லை. அதே மாதிரி, பேரின் கடைசியில் அடிக்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'நோமேப்' என்று சேர்த்தால், இடம் கண்டுபிடிக்கும் தன் கணக்கில் அந்த வைஃபையைச் சேர்ப்பதில்லை என்று 2011-ல் கூகுள் ஒரு வழி வைத்தது. விருப்பம் இருந்தால் செய். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை.

2.4-க்கும் 5-க்கும் ஒரே பேரா, தனித்தனிப் பேரா? புது அபார்ட்மென்ட் என்றால் ஒரே பேர் வைத்துவிடலாம், போனே பார்த்து மாறிக்கொள்ளும். உன் வீடு அப்படியில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் மாதிரி நீளம், சுவரெல்லாம் அந்தக் காலத்துக் கனம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டத் திணறும். 2.4 மெதுவானாலும் கொல்லை வரை போகும். விலை குறைந்த கேமரா, பல்பு எல்லாம் பெரும்பாலும் 2.4-ல் மட்டுமே இணையும். அதனால் தனித்தனிப் பேர் வை. பேருக்குப் பின்னால் 5ஜி என்று சேர்க்காதே. இது போன் சிம்மில் வருகிற 5ஜி என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் காசு போகுமா என்று அத்தை கேட்பார்.

மாற்றுவதற்கு முன் ஒரு பட்டியல் போடு. எது எது இந்த வைஃபையில் ஓடுகிறது? போன்கள், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, பிள்ளையின் டேப். போர்செட்டைச் செல்போனிலிருந்து போடுகிற ஸ்டார்ட்டரைப் பற்றி மாமா கவலைப்பட்டால், அதில் தனி சிம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். சிம்மில் ஓடுவதாக இருந்தால் வீட்டு வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரை உள்ளதையெல்லாம் இணைப்பது சுலபம். கஷ்டம் கேமராவும் பல்பும்தான். அவற்றை அவற்றின் ஆப்பைத் திறந்து, முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அந்த ஆப்பின் பாஸ்வேர்ட் கையில் இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் அது கிடைக்கிற வரை பேரைத் தொடாதே.

நேரமும் முக்கியம். நெல் அறுத்துக் களத்தில் கிடக்கும்போது, கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதிவு போட மாமா உட்காரும் நேரத்தில் வேண்டாம். பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு இருக்கிற நாள் வேண்டாம். சீரியல் நேரம் வேண்டவே வேண்டாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண் அயர்கிற நேரம் பார்த்துச் செய். அம்மா ராகு காலம் பார்க்கச் சொன்னால் பார்த்துக்கொள், அதனால் நஷ்டமில்லை.

இனி வேலை. ஏர்டெல், ஜியோ மாதிரிக் கம்பெனி என்றால் அவர்கள் ஆப்பிலேயே பேர், பாஸ்வேர்ட் மாற்ற வழி இருக்கிறது, அதுதான் சுலபம். இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பார், ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ பெட்டியில் 192.168.29.1. அந்த வைஃபையிலேயே இணைந்திருக்கிற போனில் பிரவுசரைத் திறந்து இந்த எண்ணைப் போடு. யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும், அதுவும் பெரும்பாலும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். உள்ளே வயர்லெஸ் அல்லது டபிள்யூலான் என்கிற இடத்தில் எஸ்எஸ்ஐடி என்று இருப்பதுதான் பேர். மாற்றிவிட்டு அப்ளை கொடு. கொடுத்த உடனே போனில் வைஃபை அறுந்துபோகும். பயப்படாதே, அப்படித்தான் ஆக வேண்டும். புதுப் பேரைத் தேடி இணைந்து, மறுபடி உள்ளே போய் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் மாற்று. போகிற கையோடு, ஸ்டிக்கரில் இருக்கிற அந்த உள்நுழைவுப் பாஸ்வேர்டையும் மாற்றிப் பால் நோட்டில் எழுதிவை.

எது தப்பாகப் போனாலும் பெட்டியின் பின்னால் இருக்கிற ஊசி ஓட்டையில் மட்டும் குத்தாதே. அது ரீசெட். பேர் மட்டும் போகாது. பைபர் இணைப்புக்குக் கம்பெனி போட்டுவைத்த யூசர் நேமும் சேர்ந்து அழிந்துபோகலாம். அப்புறம் லைன்மேன் வந்தால்தான் நெட். அறுவடை சமயத்தில் அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. கரண்ட் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அது உன் பேர் மாற்றத்தால் வந்ததல்ல, பைபர் வயரில் ஏதோ கோளாறு. போன் போட்டுச் சொல்லிவிடு.

எல்லாம் இணைந்த பிறகு எல்லோர் போனிலும் பழைய பேரைத் தேடி, 'மறந்துவிடு' என்பதை அழுத்து. சேமித்த பேர் கிடந்தால் போன் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்; வேறு யாராவது வெளியில் அதே பேரில் வைஃபை போட்டால் உன் போன் ஏமாற இடம் இருக்கிறது, முக்கியமாகப் பாஸ்வேர்ட் இல்லாத வைஃபையாக இருந்தால்.

விருந்தாளி வைஃபை சொன்னேனே, அதைக் கட்டாயம் போடு. காதுகுத்து, வளைகாப்பு என்று உன் வீட்டில் ஆள் வராத மாதம் ஏது? வருகிறவர்களுக்கு அதை மட்டும் கொடு. கேமராவும் பிரிண்டரும் அவர்கள் கைக்கு எட்டாது, விசேஷம் முடிந்ததும் அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபையைத் தொட்டுப் பகிர் என்று கொடுத்தால் கியூஆர் படம் வரும். அதைப் பிரிண்ட் எடுத்துக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவை. திண்ணைப் பக்கம் ஒட்டாதே, சாயங்காலம் அங்கே உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கத் தெருப் பையன்கள் இடம் பிடித்துவிடுவார்கள்.