காற்று திசை மாறும்போது: கிள்ளான்வாசிகள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சியோலில் செர்ரிப் பூ ஏப்ரல் தொடக்கத்தில் பூக்கும். ஜூன் கடைசியில் ஜாங்மா மழை இறங்கும். அக்டோபர் முடிவில் இலைகள் சிவக்கும். கொரியாவுக்குச் சுற்றுலா போகும் நம் குடும்பங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். விமானச் சீட்டையே பூவைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். சொந்த ஊரான கிள்ளானின் பருவத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுகிறவர்கள் மிகக் குறைவு. ஆண்டு முழுக்க வெயிலும் மழையும்தானே என்று இருந்துவிடுகிறோம். ஆனால் நமக்கும் இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. அவை மாறும் இடைவெளிகளும் உண்டு. இந்த ஊரில் பிழைப்பும் பயணமும் அவற்றைச் சார்ந்தே இருக்கின்றன.

இடி மழை மாதங்கள்: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர்

செய்ய வேண்டியவை

• வெளிவேலையைக் காலையிலேயே முடியுங்கள். இந்த மாதங்களில் காற்று வலுவிழந்து திசை மாறிக்கொண்டிருக்கும். பகல் வெயிலில் நிலம் சூடேறி, பிற்பகலுக்கு மேல் இடியோடு கொட்டித் தீர்க்கும். தீபாவளிச் சந்தை களைகட்டுவதும் அக்டோபர்–நவம்பரில்தான். ஜாலான் தெங்கு கிளானாவில் துணியெடுக்கப் போகிறவர்கள் பசியாறிவிட்டு நேராகப் புறப்பட்டால் மழைக்கு முன் வீடு திரும்பலாம்.

• பிரிக்பீல்ட்ஸ் போக கொமுட்டர் ரயில் ஏறுங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் ஜாலான் துன் சம்பந்தன் நடக்கும் தூரம்தான். மாலை மழையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் நகராமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்யக்கூடாதவை

• மழைக்காக மேம்பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் செய்வது இது. பின்னால் வரும் வாகனத்தின் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருக்கும். சாலையோரம் கும்பலாக நிற்பவர்கள் ஓட்டுநருக்குக் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். மழைச்சட்டை எப்போதும் இருக்கையடியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் நிலையம் வரை மெதுவாகப் போய் ஒதுங்குங்கள்.

• இடி கேட்ட பிறகு திடலில் பந்து விளையாட விடாதீர்கள். மின்னல் அடிக்கடி விழும் வட்டாரம் இது.

டிசம்பர், ஜனவரி

வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையின் கவலை, தித்திவங்சா மலைத்தொடர் நம்மைக் காக்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பல ஆண்டுகளில் அது சரியாகவும் இருந்தது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த நம்பிக்கை உடைந்தது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகளே சொன்னார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளச் சேதம் 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளியியல் துறை கணக்கிட்டது. கோலாலம்பூரின் நடுப்பகுதியை வெள்ளத்திலிருந்து காக்க 2007 முதல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறது. கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நமக்கு அப்படி ஒன்று இல்லை.

செய்ய வேண்டியவை

• மழையோடு கடலின் ஏற்றத்தையும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கிள்ளான் ஆறு போர்ட் கிள்ளானில் கடலில் கலக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கும் நேரத்தில் ஆற்று நீர் வடிய வழியில்லை. கால்வாய்கள் நிறைந்து நீர் வீட்டுக்குள் வரும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தில் பார்க்கலாம். ஆரஞ்சு வந்ததும் காரை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

• அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்து, கைப்பேசி மின்னூட்டி எல்லாம் ஒரே நீர்புகாப் பையில் இருக்கட்டும்.

• தனியாக இருக்கும் முதியவர்களை முதலில் அழைத்துப்போங்கள். இருட்டிய பிறகு, இடுப்பளவு நீரில் ஒரு பாட்டியைத் தூக்கிவருவது எளிதல்ல.

செய்யக்கூடாதவை

• தேங்கிய நீரில் காரை விடாதீர்கள். ஓரடி ஆழத்துக்கு ஓடும் நீரே சிறிய காரை இழுத்துவிடும். மூழ்கி எழுந்த காரை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். இயந்திரத்துக்குள் நீர் இருந்தால் அத்தோடு முடிந்தது.

• தரை நனைந்த பிறகு மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். நீர் வருமுன்பே அணைத்துவிடுங்கள்.

• ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை முன்பதிவு வேண்டாம். கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மேற்குக் கரையில் பங்கோர் இருக்கிறது.

தைப்பூச வெயில்

தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் மழை சற்றுக் குறையும், வெயில் ஏறும். பத்துமலைக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் இரவிலோ விடியலிலோ போங்கள். நண்பகல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு பிள்ளைகளை நடத்தாதீர்கள். 272 படி ஏறுமுன் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள்.

புகைமூட்டம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை

தென்மேற்குக் காற்று காலத்தில் மழை குறைவு. சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரியும் ஆண்டுகளில் அந்தப் புகை நீரிணையைத் தாண்டி முதலில் நம்மிடம்தான் வருகிறது. 2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

• குறியீடு 100ஐத் தாண்டினால் பிள்ளைகளை வீட்டுக்குள் விளையாட விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் மருந்து தீருமுன் வாங்கி வையுங்கள். துணி முகக்கவசம் நுண்புகையைத் தடுக்காது, என்95 வகையே வேண்டும்.

• வீட்டுக் குப்பையையும் காய்ந்த இலையையும் எரிக்காதீர்கள். சட்டப்படியும் குற்றம்.

• இதே மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்ச் சூறை வீசும். புலாவ் கெத்தாமுக்குப் படகேறுமுன் காலை வானிலை அறிவிப்பைக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளச் சேதம் பெரும்பாலும் அதில் தானாக அடங்காது. தனியாகச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். 2021இல் இது தெரியாமல் கைப்பணத்தை இழந்தவர்கள் பலர். இன்று இரவே உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளம் என்று அதில் எழுதியில்லை என்றால் அக்டோபருக்குள் சேர்த்துவிடுங்கள்.