மலை கற்பித்த பாடம்



ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் குனோங் லேடாங்; உயரம் 1,276 மீட்டர். அதிகாலையில் புறப்பட்டால், வழிகாட்டியின் துணையோடு ஒரே நாளில் உச்சியடைந்து திரும்பலாம்.

1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். ஆகவே, மழையில் நனைந்தவர் உச்சிக் காற்றில் நடுங்குவர். மழைச்சட்டை, குடிநீர், கைவிளக்கு மூன்றும் இன்றியமையாதவை.

ஒருமுறை, உச்சி கண்ணெதிரே தெரிந்தும், கருமேகம் திரள்வதைக் கண்ட வழிகாட்டி எங்களைத் திரும்பச் செய்தார். நாங்கள் முணுமுணுத்தோம். வழியிலிருந்த ஓடையைக் கடந்த சற்று நேரத்தில், அது பாறைகளை மூடிப் பெருக்கெடுத்தது. அவர் சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

செல்வங்களே, தக்க நேரத்தில் திரும்புதல் தோல்வியன்று, அறிவுடைமை. மலை நாளையும் அங்கேயே நிற்கும்.