கண்ணில் நெளியும் புழு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெண்விழியில் வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்தோடுவதைக் கண்ணாடியில் கண்டால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். அந்தப் பதற்றத்தில் அயலட்டைச் சனம் ஆளுக்கொரு காரணமும் கைமருந்தும் சொல்லும். அவற்றில் எது சரி, எது பிழை?

நம்பிக்கை 1: கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவியதால் புழு கண்ணுக்குள் போய்விட்டது.

உண்மை: இலங்கையில் வெண்விழிச் சவ்வுக்கு அடியில் ஊரும் புழு பெரும்பாலும் 'டைரோஃபிலாரியா ரெபென்ஸ்'. அது நாயின் புழு. நாயின் தோலுக்கடியில் குடியிருந்துகொண்டு தன் நுண்குஞ்சுகளை இரத்தத்தில் விடும். நாயைக் கடிக்கும் நுளம்பு அவற்றை உறிஞ்சி எடுக்கும். நுளம்பின் உடலுக்குள் வளர்ந்த குஞ்சு, அடுத்த கடியோடு மனிதத் தோலுக்குள் இறங்கும். பிறகு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தோலுக்கடியில் ஊர்ந்து திரியும். எல்லாப் புழுவும் கண்ணுக்கு வருவதில்லை, சில வந்துவிடும். உலகில் இந்நோய் அதிகம் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. பேராசிரியர் ஏ. எஸ். திசாநாயக்கவும் சகாக்களும் 1997இல் இந்நாட்டு நோயாளரைத் தொகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இங்கே சிறுபிள்ளைகளையும் இது நிறையவே பிடிக்கிறது.

நம்பிக்கை 2: யானைக்கால் நோயை ஒழித்தாயிற்று, இனி நுளம்பால் புழு வராது.

உண்மை: யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது உண்மைதான். அந்தப் புழு மனிதரில் வாழ்வது. மனிதருக்குக் குளிசை கொடுத்ததும் அதன் சங்கிலி அறுந்தது. நாய்ப்புழுவின் சங்கிலியோ தெருநாயிலும் வளவு நாயிலும் இருக்கிறது. நாம் விழுங்கும் குளிசை நாய்க்குப் போய்ச் சேராது.

நம்பிக்கை 3: தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட்டால் புழு வெளியே வரும். பூச்சி எடுப்பவர்கள் எடுத்தும் காட்டுகிறார்களே!

உண்மை: புழு இருப்பது சவ்வுக்கு அடியில். மேலே விடும் எதுவும் அதை அசைக்காது. கிருமி தொற்றிக் கண் சிவந்து வீங்குவதே மிச்சம். எடுத்துக் காட்டப்படுபவை அரிசிக் குறுணி போல, ஒரே தரத்தில் பல. கண்ணில் இருப்பதோ வழக்கமாக ஒற்றைப் புழு, நூல் போன்றது, பல சென்ரிமீற்றர் நீளமானது. சவ்வை வெட்டாமல் அது வெளியே வர வழியே இல்லை.

நம்பிக்கை 4: கண்ணில் கத்தி பட்டால் பார்வை போய்விடும்.

உண்மை: சவ்வுக்கடியில் உள்ள புழுவுக்குச் சத்திரசிகிச்சையே மருந்து. சின்ன வேலைதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் விறைக்க வைத்தாலே போதும். சிறுபிள்ளைகளை மயக்க நேரிடலாம். நுணுக்குக்காட்டியின் கீழ், புழுவுக்கு மேலுள்ள சவ்வில் சிறு வெட்டுப் போட்டு, மெல்லிய இடுக்கியால் அதைப் பிடித்து, அறுந்துவிடாமல் பையப் பைய இழுத்து எடுப்பார்கள். விழிக்கோளத்துக்குள் கத்தி போவதில்லை. எடுத்த புழு ஆய்வுகூடத்துக்குப் போகும். அதன் மேற்றோலில் நீளவாட்டில் ஓடும் வரம்புகள் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். முழுதாக வந்துவிட்டால் வேறு மருந்து பொதுவாகத் தேவைப்படாது. தாமதித்தால்தான் கரைச்சல்: புழு விழிக்குழியின் ஆழத்துக்குள் நழுவிப் போகலாம். மிக அரிதாக விழிக்கோளத்தின் உள்ளேயே புழு இருந்தால், உள்ளிருக்கும் கூழ்ப்பொருளையும் சேர்த்து அகற்றும் பெரிய சத்திரசிகிச்சை வேண்டும். விழித்திரைக்கடியில் கிடக்கும் நுண்புழுவை லேசர்க் கதிரால் சுட்டே கொல்வதும் உண்டு.

நம்பிக்கை 5: பார்மசியில் பூச்சிக் குளிசை வாங்கிப் போட்டால் காணும்.

உண்மை: சில வேளை அதுவே கண்ணுக்கு உலை வைக்கும். இந்தியாவில் அதிகம் காணப்படும் பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டியைப் பாருங்கள். அது கண்ணை அசைக்கும் தசையில் இருந்தால் வைத்தியர் அல்பெண்டசோலும் ஸ்டெரொயிட்டும் கொடுத்துக் கரைப்பார். அதே கட்டி விழிக்கோளத்துக்குள் உயிரோடு இருக்கும்போது மருந்தால் செத்தால், எழும் அழற்சி பார்வையையே பறிக்கலாம். ஆகவே அதைச் சத்திரசிகிச்சையால் முழுதாக எடுக்கவே பார்ப்பார்கள். புழு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குளிசை போடுவது ஆபத்து.

நம்பிக்கை 6: மண்ணளைந்தால் பிள்ளைக்கு வயிற்றில் மட்டும்தான் பூச்சி வரும்.

உண்மை: நாய்க்குட்டியின் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். மண் பட்ட விரலை வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றில் அது பொரிக்கும்; குடம்பி இரத்தத்தோடு விழித்திரைக்கும் போகலாம். 1950இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர், பெரும்பாலும் புற்றுக்கட்டி என்ற சந்தேகத்தில் அகற்றப்பட்ட 46 கண்களை ஆராய்ந்து, 24இல் புழுக் குடம்பிகளைக் கண்டார். பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ நாள் கடத்தக் கூடாது. புழுவோ புற்றோ, இரண்டுக்கும் அவசரம் ஒன்றுதான்.

நம்பிக்கை 7: கண்ணில் புழு உள்ளவரோடு பழகினால் ஒட்டும்.

உண்மை: ஒட்டாது. நாய்ப்புழு மனித உடலில் பொதுவாகக் குஞ்சு பொரிப்பதில்லை. அவரைக் கடித்த நுளம்பாலும் பரவ வழியில்லை.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். வளவு நாயை மிருக வைத்தியரிடம் காட்டிப் புழு மருந்து கொடுங்கள். குட்டிகளுக்கு இரண்டு கிழமை வயதிலேயே தொடங்க வேண்டும். நாய் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள். அதிலுள்ள முட்டை தொற்றும் நிலைக்கு வரக் கிழமைகள் ஆகும். சிரட்டையிலும் தொட்டியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், பிள்ளைகளை நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். கண்ணில் ஏதும் ஊர்ந்தால் கசக்காதீர்கள், எதையும் விடாதீர்கள். புழு மறைந்துவிடலாம் என்பதால் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போங்கள்.