கழிவுத் தொகை மறுக்கப்பட்டால்

தீபாவளி நெருங்கும் வேளையில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மின்பொருள் வாங்கச் செல்கிறோம். சில பொருள்களுக்குரிய கழிவு கடையிலேயே கிடைப்பதில்லை. முழு விலையையும் செலுத்திய பின், பாரத்தை நிரப்பி ரசீதுடன் நிறுவனத்துக்கு அனுப்பினால், 150 வெள்ளி திருப்பித் தரப்படும் என்பார்கள். பின்னர், “விண்ணப்பம் ஏற்கப்படவில்லை” என ஒருவரிப் பதில் வந்தால் என்ன செய்வது? விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி ஈட்டிய பணத்தை எளிதில் விட்டுவிடலாமா?

முதலாவதாக, மறுப்பின் காரணத்தை எழுத்து மூலம் கேட்க வேண்டும். பொருளின் தொடர் எண் தவறியிருந்தால் திருத்தி அனுப்பலாம். கெடு கடந்து அனுப்பியிருந்தால் நம் கோரிக்கை வலுவிழக்கும் என்பதையும் உணர வேண்டும்.

இரண்டாவதாக, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விலை பற்றித் தவறான எண்ணம் தரும் அறிவிப்புகளைத் தடை செய்கிறது. நிபந்தனைகளை நிறைவேற்றியும் பணம் வரவில்லையெனில், மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 வெள்ளியே. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, நம் வழக்கை நாமே எடுத்துரைக்கலாம். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதிருப்பது குற்றமாகும்.

இவை அனைத்துக்கும் சான்று வேண்டும். கடை ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஆதலால் வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்வோம். பாரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் சீட்டையும் விளம்பரத் தாளையும் சம்பளச் சீட்டுகளோடு பத்திரப்படுத்துவோம்.